தொர்ரெசெக்கா வட்டரங்கமும் ஒர்தென்சியாவின் தக்காளியும்

தொர்ரெசெக்கா ஊரின் நடுவில் ரோமானியர்கள் கட்டிப்போட்ட வட்டரங்கம் ஒன்று இருக்கிறது. கட்டிய நாளிலிருந்து அது சும்மா இருந்ததே இல்லை. ஆரம்பத்தில் அதற்குள் வாள்வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். ஊரே சுற்றி உட்கார்ந்து வறுத்த கொண்டைக்கடலை தின்றபடி பார்த்தது. பேரரசு படுத்துவிட்ட பிறகு, வடக்கேயிருந்து வந்த கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து வளைவுகளை அடைத்து, அதைக் கோட்டையாக்கிக்கொண்டார்கள். கொள்ளைக்காரர்களும் களைத்துப்போய், இங்கேயே பெண் எடுத்து மளிகைக்கடை வைத்துவிடவே, கோட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதன்பின் கல் வேண்டியவர்களெல்லாம் அதிலிருந்து கல் எடுத்தார்கள். எங்கள் மாதாகோயில், நகராட்சிக் கட்டடம், பழைய சிறைச்சாலை மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். எடுத்தது போக நின்ற பாதியில் ஜனங்கள் வீடு கட்டிக் குடியேறினார்கள். மறுபாதியில் கற்படிகள் முள்செடிக்குக் கீழே அப்படியே கிடந்தன. எத்தனையோ பேருடைய ரத்தம் குடித்த நடுத்தரை கடைசியில் அருமையான காய்கறித் தோட்டமாயிற்று.

இவ்வளவையும் எங்கள் முன்னோர் எந்த அலுவலகத்திலும் அனுமதி வாங்காமல் செய்துவிட்டார்கள். அந்தத் தவற்றின் விளைவைத்தான் நாங்கள் அனுபவித்தோம்.

நாங்கள் அதை 'வளையம்' என்று சொல்வோம். வளையத்தின் வெளிச்சுற்றில், ஒரு வளைவுக்கு அடியில் காப்பிக்கடை வைத்திருக்கிறேன். என் பெயர் நேவியோ. கடைக்குப் பின்னால் ஒரு ஜன்னல். திறந்தால் தோட்டம் தெரியும். தோட்டத்தில் எந்நேரமும் குனிந்த முதுகு ஒன்று தெரியும். அதுதான் ஒர்தென்சியா சிஞோரா. சிஞோரா என்றால் எங்கள் ஊரில் அம்மாள்.

ஒர்தென்சியா புருஷனை இழந்தவர். குள்ளம், குரல் மட்டும் பெரிது. வளையத்து வீடுகளில் அவர் வீட்டுக்கு மட்டும்தான் நடுத்தரைக்குள் திறக்கிற வாசல். அதனால் தோட்டமும் அவருடையது. பென்ஷன் மின்சாரத்துக்கும் மருந்துக்கும் போய்விடும். தோட்டம்தான் சோறு போட்டது. ஆகஸ்டில் தக்காளி பழுத்ததும் பெரிய அண்டாவை ஏற்றி, வருஷம் முழுக்கக் காணும்படி சாறு காய்ச்சிப் புட்டிகளில் அடைப்பார். அந்த வாரம் என் கடையில் யாருக்கும் காப்பி வாசனையே தெரியாது.

ஒருநாள் காலை, இப்போலித்தோ என்ற அதிகாரி ஊருக்கு வந்தார். 'தொன்மைக் கட்டடங்களை அவற்றின் மூலப் பயன்பாட்டுக்கு மீட்டளிக்கும் மாகாணச் செயலகம்' என்று ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடுவதால் நாங்கள் அதை 'மீட்பகம்' என்போம். நல்ல மனிதர், மெல்லிய கழுத்து, அகலமான டை. எங்கள் பக்கத்தில் டை கட்டியவர் யாராயிருந்தாலும் 'தொத்தோரே', அதாவது டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். மிச்சப் படிப்பை நாங்கள் விசாரிப்பதில்லை.

என் கடை ஜன்னல் வழியாகவே நான் எல்லாவற்றையும் கேட்டேன்.

"சிஞோரா, இது என்ன?"

"தக்காளி."

"இங்க ஏன் இருக்கு?"

"நட்டேன். அதனால இருக்கு."

"தக்காளி இத்தாலிக்கு எப்ப வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஏப்ரல்ல. சனிக்கிழமைச் சந்தையில நாத்து வாங்கினேன்."

இப்போலித்தோ பொறுமையாகச் சிரித்தார். "கொலம்பஸ் அமெரிக்காவுக்குப் போய் வந்ததுக்கு அப்புறம்தான் வந்துச்சு, சிஞோரா. ரோமானியர்ல ஒருத்தர்கூட தக்காளியைக் கண்ணால பார்த்ததில்ல."

"பாவம்," என்றார் ஒர்தென்சியா. மனதாரத்தான் சொன்னார்.

"பாவ புண்ணியம் இல்ல, சிஞோரா, இது காலக் குழப்பம். ரோமானியக் கட்டடத்துக்குள்ள ரோமானியருக்குத் தெரியாத ஒண்ணு இருக்கக்கூடாது. முட்டைக்கோஸ் இருக்கலாம். பூண்டு, வெங்காயம் இருக்கலாம். உருளைக்கிழங்கு, மிளகாய், தக்காளி மூணும் கிளம்பணும்."

"நீங்க இருக்கலாமா, தொத்தோரே?"

"நான் அரசாங்க ஊழியன். அது ரோமானியர் காலத்துலயும் இருந்துச்சு."

ஒர்தென்சியா மறுபடி குனிந்து களை பிடுங்கப் போனார்.

ஆணையின் பிற்பகுதியில்தான் விஷயம் இருந்தது. நடுத்தரை, மூலப் பயன்பாட்டுக்காகக் காலி செய்யப்படும். நடுத்தரைக்குள் வாசல் வைத்திருக்கும் வீடு, 'பிற்கால ஒட்டுவேலை' என்று கருதி அகற்றப்படும். அப்படி ஒரு வீடுதான் இருந்தது.

அன்று மாலை என் கடையில் ஊரே கொதித்தது. நோட்டரி மேசையைக் குத்தினார். மருந்துக்கடைக்காரர் வார்த்தையை அளந்து பேசுகிறவர். அவரே ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். "இன்னைக்கு ஒர்தென்சியா, நாளைக்கு நம்ம" என்று எல்லோரும் சொன்னார்கள். மனு எழுதினோம். 'நாங்கள் அனைவரும் ஒர்தென்சியா சிஞோராவின் பின்னால் நிற்கிறோம்' என்பது முதல் வரி. பின்னால் நிற்பதில் எங்கள் ஊருக்கு எப்போதுமே சிரமம் இருந்ததில்லை.

மனுவை மேயர் குவால்தியேரோவிடம் கொடுத்தோம். அவர் குளியலறை ஓடுகள் விற்கிறவர். மேயர் வேலை சாயங்காலத்தில். மனுவை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"என் பிணத்தின் மேல நடந்துதான் அந்த வீட்டை இடிக்க முடியும்," என்றார்.

மறுநாள் இப்போலித்தோ அவரைப் பார்த்துப் பேசினார். மூலப் பயன்பாட்டுக்குத் திரும்பும் வட்டரங்கங்களுக்குத் தலைநகரிலிருந்து மானியம் உண்டு. மானியத்தில் பார்வையாளர் கழிப்பறைகளும் அடங்கும். கழிப்பறைக்கு ஓடு பதிக்க வேண்டும். மேயர் தன் பிணத்தைச் சற்று ஓரமாக நகர்த்திக்கொண்டார்.

"வரலாறு நம்மைக் கூப்பிடுது, நேவியோ," என்றார் என்னிடம், காப்பியைக் கலக்கிக்கொண்டே.

"ஒர்தென்சியாவையும் கூப்பிடுதா?"

"அவங்களை வெளியில கூப்பிடுது."

இதற்குப் பிறகுதான் எங்கள் ஊருக்கு ரோமானியக் காய்ச்சல் வந்தது.

முதலில் மேயர் ஒரு படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு நகராட்சிக்கு வந்தார். அது ரோமானிய உடை என்று சொன்ன பிறகு நாங்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் விரிப்புகளைத் தேடினோம். நோட்டரியின் மனைவி விருந்துக்குக் கூப்பிட்டு எல்லோரையும் ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பரிமாறினாள். முன்னோர் அப்படித்தான் சாப்பிட்டார்களாம். அந்த வாரம் மருந்துக்கடையில் தோள்வலித் தைலம் தீர்ந்துபோயிற்று. பூர்வீகம் கண்டுபிடித்துத் தருகிறவர் ஒருவர் நகரத்திலிருந்து வந்து தங்கினார். போகும்போது ஊரில் எல்லோருமே செனட்டர் வம்சம் என்று நிரூபித்துவிட்டுப் போனார். அந்தக் காலத்துத் தொர்ரெசெக்காவில் செனட்டர்கள் மட்டுமே வாழ்ந்திருக்கிறார்கள். பாத்திரம் யார் கழுவினார்கள் என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது.

நானும் கடைப் பலகையில் 'சீசர் காப்பி' என்று எழுதினேன். அதே காப்பிதான். அதிகம் விற்றது.

அடுத்ததாக இப்போலித்தோ இருக்கை ஒதுக்கீட்டை வெளியிட்டார். ரோமானியச் சட்டப்படி அரங்கில் யாரும் கண்ட இடத்தில் உட்காரக்கூடாது. முன்வரிசை செனட்டர்களுக்கு; ஊரே செனட்டர் வம்சமாகிவிட்டதால், யார் செனட்டர் என்பதை அவரே முடிவு செய்தார். அதற்குப் பின்னால் கௌரவமான குடும்பங்கள். அதற்கும் பின்னால் பொதுஜனம். கடைசி உச்சிப்படி, பெண்களுக்கு.

அன்றிலிருந்து ஒர்தென்சியாவின் பெயரைக் கடையில் யாரும் எடுக்கவில்லை. நோட்டரிக்கு முன்வரிசை, ஆணை மிக நியாயமானது என்று அவருக்குப் பட்டது. மருந்துக்கடைக்காரருக்கு இரண்டாம் வரிசை. ஆணையில் சிறு குறை இருப்பதாக அவருக்குப் பட்டது. எனக்கு உச்சிப்படியில், பெண்களுக்குப் பக்கத்தில், தூணுக்குப் பின்னால் இடம்.

"தொத்தோரே, எனக்கு ஏன் அங்க?" என்று கேட்டேன்.

"ரோமானியர் காலத்துல மதுக்கடை வச்சிருந்தவங்களுக்கு மதிப்பு கிடையாது."

"நான் காப்பி விக்கிறேன்."

"காப்பியும் அப்ப கிடையாது. அப்படிப் பார்த்தா நீங்களே கிடையாது. பெரிய மனசு பண்ணித்தான் தூணுக்குப் பின்னால குடுத்திருக்கேன்."

என் மனைவி லிதியாவுக்கு என்னைவிட நல்ல இடம் கிடைத்தது. வீட்டில் அவள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்த விதம்தான் தாங்கவில்லை.

இதற்கிடையில் இன்னொரு அதிகாரி வந்து சேர்ந்தார். மால்வேசி என்று பெயர். தாடி வைத்து, பூட்ஸ் போட்ட பொறியாளர். 'இடைக்காலக் கோட்டை கொத்தளங்கள் பேணும் ஆணையம்' அவருடையது. ரோமானியர் அதை அரங்கமாக வைத்திருந்ததைவிட அதிக காலம் அது கோட்டையாக இருந்திருக்கிறது, ஆகவே கோட்டைதான் மூலம் என்பது அவர் வாதம். இரண்டு அதிகாரிகளும் ஒர்தென்சியாவின் தோட்டத்தில் நின்று, வரப்பை மிதிக்காமல் சண்டை போட்டார்கள்.

"இது விளையாட்டு அரங்கம்," என்றார் இப்போலித்தோ.

"இது கோட்டை," என்றார் மால்வேசி. "வாசல்களையெல்லாம் கல் வச்சு அடைச்சுடணும். எதிரி உள்ளே வரக்கூடாது."

"எந்த எதிரி?" என்று கேட்டார் ஒர்தென்சியா, கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு.

"பொதுவா, எதிரி."

"வந்துட்டாங்களே, ரெண்டு பேர். வாசலை இப்ப அடைச்சா நீங்க எப்படி வெளியில போவீங்க?"

இருவரும் அவரைப் பார்த்தார்கள். எவ்வளவு சண்டையிலும் ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது. அரங்கமானாலும் கோட்டையானாலும் இந்த அம்மாள் இங்கே இருக்கக்கூடாது.

தகராறைத் தீர்க்கத் தலைநகரிலிருந்து ஓர் ஆய்வாளர் வருவதாக முடிவாயிற்று. அவர் முன்னால் கட்டடத்தை 'உரிய பயன்பாட்டில்' காட்டினால்தான் மானியம். எனவே மேயரும் இப்போலித்தோவும் வாள்சண்டை ஏற்பாடு செய்தார்கள். ரோமில் சுற்றுலாப் பயணிகளோடு படம் எடுத்துக்கொள்ளும் வாள்வீரர்கள் சிலரை அமர்த்தினார்கள். தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகம் இரும்பு வாளுக்கு ஆட்சேபம் தெரிவித்தது. மரவாள் என்றார்கள். மரம் சிராய்க்கும் என்றது அலுவலகம். பஞ்சு வாள் என்றார்கள். பஞ்சு தூசி என்றது அலுவலகம். கடைசியில் வீரர்கள் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று, வாளில்லாமல், ஒருவரையொருவர் மனதளவில் தாக்கிக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. தோற்றவர் உட்காரலாம், படுத்தால் அரசு மருத்துவர் கூட இருக்க வேண்டும்.

அந்த நாளும் வந்தது. ஆகஸ்ட் மாதம், நல்ல வெயில். முள்செடிகளை வெட்டிய படிகளில் ஊரே விரிப்பு சுற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தது. நான் தூணுக்குப் பின்னால். தூணின் இடப்பக்கம் எட்டிப் பார்த்தால் மேயர் தெரிந்தார், வலப்பக்கம் எட்டினால் மாதாகோயில் மணிக்கூண்டு. ஆய்வாளர் ஒரு பெண், 'தொத்தோரே'க்குப் பெண்பாலாகத் தொத்தோரெஸ்ஸா ஃபுல்வியா. முன்வரிசையின் நடுவில், கறுப்புக் கண்ணாடியும் விசிறியுமாக உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

வாள்வீரர்கள் வரவில்லை. அன்றைக்கே ரோமில் ஒரு கல்யாணத்துக்கும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அங்கே சாப்பாடு உண்டாம்.

மேயர் படுக்கை விரிப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஏதாவது காட்டியாகணுமே," என்றார் இப்போலித்தோவிடம்.

"அந்த அம்மா வீட்டு விசாரணை நாளைக்கு இருக்கு," என்றார் இப்போலித்தோ. "அதை இன்னைக்கே இங்க வச்சுக்கலாம்."

ஒர்தென்சியாவைக் கூப்பிட்டார்கள். கூப்பிடவே தேவையில்லை, அவர் தன் தோட்டத்தில்தான் இருந்தார். ஏப்ரன் கட்டியபடி நடுவில் வந்து நின்றார். ஒரு பக்கம் இப்போலித்தோ, மறுபக்கம் மால்வேசி. சுற்றிலும் நாங்கள்.

இப்போலித்தோ தக்காளியின் குற்றங்களை வாசித்தார். மால்வேசி வாசலின் குற்றங்களை வாசித்தார். முதலில் படிகளில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. என்ன இருந்தாலும் நம் ஊர்ப் பெண்பிள்ளை. ஆனால் விசாரணை சூடுபிடிக்கச் சூடுபிடிக்க எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். மால்வேசி, "நீங்க வாசல்ல துணி காயப்போட்டதுக்கு எந்த நூற்றாண்டு அனுமதி இருக்கு?" என்று கேட்டபோது யாரோ கைதட்டினார்கள். ஒர்தென்சியா, "நேத்து நனைச்ச நூற்றாண்டு" என்றதும் அதைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். பந்து எந்தப் பக்கம் போனாலும் தட்டுகிற கைகள். என் கைகளும் தட்டின. தூணுக்குப் பின்னாலிருந்தும் நன்றாகவே கேட்டது.

வாதம் முடிந்தது. "கடைசியா ஏதாவது சொல்லணுமா, சிஞோரா?" என்றார் இப்போலித்தோ.

ஒர்தென்சியா படிகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மனுவில் கையெழுத்துப் போட்ட முகங்கள் அத்தனையும் வரிசைப்படி உட்கார்ந்திருந்தன. அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது களைப்புதான். மூட்டை தூக்கி வந்தவர் இறக்கி வைக்க இடம் தேடுவதுபோல் பார்த்தார்.

"நாளைக்குப் பிடுங்கிடுவீங்க," என்றார். "இன்னைக்குப் பழுத்து நிக்குது. அண்டா ஏத்தறதுக்கு வீடும் இருக்காது. வீணாப் போக வேண்டாம். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கங்க."

உள்ளே போய், அன்று காலையில் பறித்து வைத்திருந்த கூடைகளைக் கொண்டுவந்து முன்வரிசையின் காலடியில் வைத்தார். பிறகு தன் வாசற்படியில் உட்கார்ந்து, ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் எல்லோரும் குனிந்து தங்கள் விரிப்பு மடிப்பைச் சரிசெய்தார்கள். அந்தக் கொஞ்ச நேரம் எங்கள் ஊர் வெட்கப்பட்டது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் கூடை நகர ஆரம்பித்துவிட்டது. முன்வரிசையார் கெட்டியான, சிவந்த பழங்களாகப் பொறுக்கிக்கொண்டார்கள். நோட்டரி தன் விரிப்பில் மடி கட்டி நிரப்பிக்கொண்டார். இரண்டாம் வரிசை மிஞ்சிய நல்லதை எடுத்துக்கொண்டது. கூடை மேலே மேலே ஏறி, உச்சிப்படிக்கு வந்தபோது அதற்குள் இருந்தது கன்றிப்போனதும் அழுகினதும்.

"இது என்னது?" என்றாள் லிதியா, ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து. விரலெல்லாம் சாறு ஒழுகியது.

"உங்க வரிசைக்கு உள்ளது, சிஞோரா," என்று கீழேயிருந்து நோட்டரியின் மனைவி பதில் சொன்னாள். செனட்டர் மனைவி என்பதால் ஊர்ப் பெண்களில் அவளுக்கு மட்டும் விதிவிலக்கு வாங்கி முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள்.

லிதியா எழுந்து நின்று குறி பார்த்தாள். குறி நோட்டரியின் மனைவிதான். ஆனால் அழுகின தக்காளி நேராகப் போகாது. அது சற்று வளைந்து போய், இப்போலித்தோவின் டை முடிச்சில் பட்டு உடைந்தது.

அரங்கம் முழுவதும் முதலில் அந்த டையைப் பார்த்தது. பிறகு உச்சிப்படி முழுக்க எழுந்தது. பொதுஜன வரிசை கௌரவ வரிசையை அடித்தது. கௌரவ வரிசை செனட்டர்களை அடித்தது. செனட்டர்கள் மேலே எறிய முடியாமல், எதிரே நின்ற அதிகாரிகளை அடித்தார்கள். மால்வேசியின் தாடியில் விதைகள் தொங்கின. மேயரின் விரிப்பைப் பார்த்தால் உண்மையிலேயே கொலையுண்ட சீசர்தான். கூடை காலியானதும் ஜனங்கள் கீழே இறங்கிச் செடியிலிருந்தே பறித்து எறிந்தார்கள். ஒர்தென்சியா வாசற்படியில் உட்கார்ந்தபடி, வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். அவருக்காக அங்கே ஒரு தக்காளிகூட எறியப்படவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

தொத்தோரெஸ்ஸா ஃபுல்வியா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். முதல் தடவையாகப் பேசினார்.

"இது எவ்வளவு காலமா நடக்குது?"

மேயர் கண்ணிலிருந்து தக்காளித் தோலை எடுத்துப் போட்டார். மானியம் போய்விட்டது என்றே நினைத்திருந்தவர், அந்தக் குரலில் வேறு எதையோ கேட்டார். எத்தனையோ பேருக்கு ஓடு விற்ற காது அது.

"பழைய வழக்கம், தொத்தோரெஸ்ஸா. எங்க தாத்தாவோட தாத்தா காலத்துக்கும் முன்னாடி."

"பொய்," என்றார் இப்போலித்தோ, தலையிலிருந்து கால்வரை சிவந்து. "தக்காளி கொலம்பஸுக்கு அப்புறம்தான் இத்தாலிக்கே வந்துச்சு. நானே எழுதியிருக்கேன்."

"அப்படின்னா கொலம்பஸுக்கு அப்புறம் வந்த வழக்கம்," என்றார் ஃபுல்வியா. "துறை நிபுணரே காலத்தை உறுதி பண்ணிட்டார். இந்தக் கட்டடம் எதுக்காகன்னு இவ்வளவு நேரம் சண்டை போட்டீங்க. கண் முன்னாலேயே இருக்கே."

தலைநகரிலிருந்து அறிவிப்பு வந்தது. தொர்ரெசெக்கா வட்டரங்கத்தில் ஆண்டுதோறும் ஊர் மக்கள் அதிகாரிகள்மீது தக்காளி எறிவது, பேணத்தக்க உயிருள்ள மரபு. அந்த மரபுக்கு ஆதாரமான தோட்டமும், தோட்டத்துக்கு ஆதாரமான வீடும், வீட்டுக்கு ஆதாரமான ஒர்தென்சியாவும் மாற்றத்துக்கு அப்பாற்பட்டவை.

ஊர் திருவிழாக் கோலம் பூண்டது. ஒர்தென்சியா ஜெயித்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னோம். அவர் பின்னால் நின்றது நாங்கள்தானே. அவரும் அப்படியே நம்பினார், விதிமுறைகள் வரும் வரை.

விதிமுறைகளின்படி தோட்டத்தில் தக்காளி தவிர வேறெதுவும் நடக்கூடாது. முட்டைக்கோஸ் பிடுங்கப்பட்டது. விளையும் தக்காளி முழுவதும் மரபுக்குரியது. பறிப்பது, விற்பது, சமைப்பது, தின்பது மரபுச் சின்னத்தைச் சேதப்படுத்திய குற்றம். அதைக் கண்காணிக்க மால்வேசியின் ஆணையம் ஆள் போட்டது. அந்த ஆகஸ்டிலிருந்து ஒர்தென்சியா அண்டாவைக் கவிழ்த்துவைத்துவிட்டு, நெடுஞ்சாலைக் கடையில் தகர டப்பாத் தக்காளி வாங்குகிறார்.

அடுத்த விழாவில் மரபுப்படி இப்போலித்தோவும் மால்வேசியும் நடுவில் நின்று அடி வாங்கினார்கள். ஊர் அன்றைக்குச் சந்தோஷப்பட்டதுபோல் என்றைக்கும் பட்டதில்லை. அதற்கடுத்த விழாவுக்குள் ஒரு திருத்தம் வந்தது. அதிகாரிகள் அலுவல் நெருக்கடியில் இருப்பதால், தங்கள் சார்பில் தகுதியுள்ள உள்ளூர்க்காரரைத் தினக்கூலிக்கு நிறுத்தலாம். அவருக்கு ஒரு டை வழங்கப்படும். முதல் வரிசை இப்போது அதிகாரிகளுக்கு. முறைப்படி முதல் தக்காளியை அவர்கள் எறிவார்கள்; அப்புறம் ஊர்.

அந்த வேலைக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே. சிபாரிசு இல்லாமல் கிடைக்காது. மேயரின் மச்சான் வரிசையாக மூன்று விழாவில் நின்றார். இந்த வருஷம் மேயருக்கு நான் ரொம்ப நாளாகக் கொடுத்துவந்த இலவசக் காப்பி பலித்து, எனக்குக் கிடைத்தது.

டை கட்டிக்கொண்டு நடுவில் நின்றேன். "தொத்தோரே, தொத்தோரே" என்று ஊரே கூப்பிட்டது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் தக்காளி இப்போலித்தோவுடையது. மெல்லிய கழுத்தானாலும் கை நல்ல கை. நெற்றியில் விழுந்தது. அப்புறம் லிதியா. அப்புறம் எண்ண முடியவில்லை. முன்வரிசையில் அதிகாரிகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தூணுக்குப் பின்னாலிருப்பதைவிட நடுவிலிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

முடிந்ததும் கடைக்குப் போய்த் தலையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒர்தென்சியா உள்ளே வந்தார். கையில் பையும் பைக்குள் தகர டப்பாக்களும். காப்பி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் என் காது மடலில் ஒட்டியிருந்த விதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேவியோ, வாய்க்குள்ள ஏதாவது விழுந்துச்சா?"

"ரெண்டு மூணு விழுந்துச்சு."

"அதுக்கு அபராதம் ஒண்ணும் போடலையே?"

"அது தின்ன கணக்குல வராதாம், சிஞோரா. மால்வேசிகிட்ட கேட்டேன். கடமையின்போது தற்செயலா விழுங்கினது."

கரண்டியால் காப்பியை இரண்டு சுற்று சுற்றினார்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. இனிப்பு."

"ம். இந்த வருஷம் வெயில் நல்லா அடிச்சுது." காப்பியை ஒரு வாய் குடித்தார். பிறகு பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வருஷம் அந்த வேலை எனக்கு வேணும்னா யாரைப் பார்க்கணும்?"

"மேயரைத்தான். ஆனா இப்பவே நோட்டரி சொல்லி வச்சிருக்கார், சிஞோரா."